காலில் இரும்பு இல்லை

எங்கள் ஊரில் ஒரு புண் ஆறாமல் கிடந்தால், "செல் துண்டு வெளியே வருகுது" என்றுதான் முதலில் சொல்வார்கள். போரில் வெடித்த செல் குண்டின் இரும்புச் சிதறலை உடம்பில் சுமக்கிறவர்கள் நாங்கள். அதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். உண்மையிலேயே வரும். போர் முடிந்து அகதி முகாமில் இருந்தபோது என் தோளிலிருந்து நெல்மணி அளவுத் துண்டு ஒன்று தானாகவே தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. என் கணவரின் முதுகிலிருந்து இரண்டு வந்தன. அதனால்தான் காலில் புண் வந்தபோது ஐந்து மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

இடது கெண்டைக்காலின் பின்பக்கம் எனக்கு ஒரு பழைய தீக்காயத் தழும்பு. கலியாணத்துக்கு முதல் நடந்த ஒரு இடப்பெயர்வில் செல் விழுந்து நாங்கள் தங்கியிருந்த கொட்டில் எரிந்தது. கூரைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தறப்பாள் உருகிக் காலில் ஒட்டியது. உள்ளங்கை அகலத் தழும்பு. அந்த இடத்தில் வியர்க்காது, மயிர் முளைக்காது, வெயில் பட்டால் வெடிக்கும்.

முகாமிலிருந்து ஊருக்கு வந்து மீள்குடியேறி மூன்றாம் வருடம். வீட்டுத்திட்டத்து வீட்டில் அரைச் சுவர்தான் எழும்பியிருந்தது. நான் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாள் முழுக்க உப்புத் தண்ணீர், மணல், வெயில். தழும்பின் நடுவில் வந்த ஒரு வெடிப்பு மூடவேயில்லை. பிறகு அதன் விளிம்பு தடித்து மேலே எழும்பியது. பெரிதாக நோகவில்லை. நோகாதபடியால் பயமில்லை என்று நினைத்தேன். எவ்வளவு பிழை!

கணவரின் அக்கா, என் மச்சாள், முகாமில் பலருக்குச் செல் துண்டு எடுத்தவர். டொக்டரைக் காணக் கிடைக்காத நாட்களில் அவருடைய கைதான் உதவியது. அவர் என் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"எடியே, இது பெரிய துண்டு. உள்ளுக்கு நிண்டு முட்டுது. பத்துப் போட்டா இழுத்துக்கொண்டு வரும்."

சுடுசோறு, மஞ்சள், சுண்ணாம்பு. ஒவ்வொரு பின்னேரமும் அரைத்துக் கட்டினார்.

"எரியுது மச்சாள்."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதெண்டு அர்த்தம். வாயை மூடிக்கொண்டு இரு."

என் கணவர் தன் பங்குக்கு ஒரு பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து, அதிலிருந்த காந்தத்தைக் கொண்டுவந்து புண்ணுக்கு மேலே பிடித்தார். ஒன்றும் இழுக்கவில்லை.

"அப்ப அது பித்தளைத் துண்டாக்கும்," என்றார்.

"வெட்டி எடுத்து ஒரு செம்பு செய்து தாங்கோ," என்றேன்.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்தே இன்னும் இரண்டு மாதம் போனது.

கடைசியில் என்னோடு கருவாடு போடும் ஒருத்திதான் முகத்துக்கு நேரே சொன்னாள்: "இது மீன் நாத்தமில்லையடி. உன்ர கால்தான் நாறுது. ஆசுப்பத்திரிக்குப் போ." கோபம் வந்தது. ஆனால் அடுத்த நாளே கணவரையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். நேர்ஸ் பிள்ளை வந்து, "அம்மா, காலில இரும்பு ஒண்டும் இல்லை," என்றாள்.

"வடிவாப் பாருங்கோ தங்கச்சி. உள்ளுக்கு இருக்கும்."

"இல்லையம்மா. சுத்தமா இல்லை."

வாழ்க்கையில் முதன்முறையாக, என் உடம்பில் செல் துண்டு இருக்கக்கூடாதா என்று கடவுளைக் கேட்டேன்.

டொக்டர் சிங்கள ஆள். தமிழை மெதுவாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார். காலைத் தன் மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். தொடை இடுக்கில் கட்டி இருக்கிறதா என்று அமத்திப் பார்த்தார். பழைய எரிகாயத் தழும்பில் வரும் புண் ஆறாமல் கிடந்தால் அது தோல் கான்சராக மாறியிருக்கலாம் என்றார். கொஞ்சம் சதை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டுமாம்.

"எங்கட கறுத்த தோலுக்கு அது வராதெண்டெல்லோ சொல்லுறவை?"

"குறைவு. ஆனா வரும். தழும்பில வரும், உள்ளங்காலில வரும், நகத்துக்குக் கீழ வரும். அங்க ஒருவரும் பார்க்கிறது இல்லை. அதனாலே பிந்தி வாறீங்க."

"கால் போகுமோ?"

"பரிசோதனை வரட்டும். பிறகு சொல்றேன்."

எங்கள் ஊரில் ஒற்றைக்காலோடு நடப்பவர்களுக்குக் குறைவில்லை. அத்தனை செல்லுக்கும் மிதிவெடிக்கும் தப்பி இரண்டு காலோடும் ஊர் வந்து சேர்ந்தவள் நான். இப்போது ஒரு புண்ணுக்குக் காலைக் கொடுப்பதா? முடிவு வரும்வரை கடற்கரைக்குப் போகவில்லை. யாரோடும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை.

முடிவு வந்தது. கான்சர்தான். ஆனால் தோலோடு நிற்பதாகச் சொன்னார்கள். புண்ணையும் சுற்றியிருந்த தழும்பையும் வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். வெட்டியதையும் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். திரும்பவும் காத்திருப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"வெட்டின ஓரம் எல்லாம் சுத்தம். தொடை இடுக்கில கட்டியும் இல்லை. கால் உங்களுக்குத்தான் அம்மா."

நான் அழவில்லை. கணவர்தான் டொக்டருக்கு முன்னால் கிடந்த கதிரையிலேயே இருந்து குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதார். "எழும்புங்கோ, சனம் பாக்குது," என்று ஏசினேன்.

வீட்டு வாசலில் மச்சாள் நின்றார். "என்னை ஏசு. நான்தானே மூடி மூடி வச்சனான்," என்றார்.

"ஏசாமல் விடுவனெண்டு நினைச்சியளோ?"

ஏசினேன். சுண்ணாம்பிலிருந்து தொடங்கி காந்தம் வரை, இரண்டு பேருக்கும் ஒரு மணித்தியாலம் கொடுத்தேன். மச்சாள் குனிந்தபடி மீன் வெட்டினார். அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

இயற்கை வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை இப்போது நான் வாசலிலேயே மறித்துச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயும் இயற்கை, சுண்ணாம்பும் இயற்கை. ஒன்று தோலைக் காக்கும், மற்றது தின்னும். எண்ணெய் கான்சரைக் குணமாக்காது. தழும்பு காய்ந்து வெடிக்காமல் வைத்திருக்க உதவும், அவ்வளவுதான். டொக்டர் சொன்னதும் அதுதான்: நல்ல தண்ணீரில் கழுவு, எண்ணெய் பூசு, பருத்தித் துணியால் மூடு, வெயிலில் நிற்காதே, ஒரு மாதத்தில் ஆறாத எதையும் கொண்டுவந்து காட்டு. இவ்வளவையும் யாராவது எனக்கு முதலே சொல்லியிருக்கலாம். தழும்போடு திரும்பி வந்த இத்தனை சனத்தில் ஒருவரிடமாவது, உன் தழும்பு எப்படி இருக்கிறது என்று யார் கேட்டார்கள்?

மாதத்தில் ஒரு காலை, வெளிச்சம் நன்றாக வந்தபிறகு, முற்றத்தில் குப்புறப் படுப்பேன். பின்னங்காலை என்னால் பார்க்க முடியாது. கணவர் குந்தியிருந்து விரலால் தடவிப் பார்ப்பார்.

"ஒண்டுமில்லை," என்பார்.

நான் நம்பமாட்டேன். கண்ணாடியை வாங்கி நானும் பார்ப்பேன். ஒன்றும் இல்லைதான். எழும்பி, காலைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போவேன்.