பூசை முடிந்து கைகொடுக்க வைத்தது

லவாலுக்கு மெட்ரோ ஓடத் தொடங்காத காலம். கெபெக்கில், வில்லரே என்ற இடத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை. மதியம் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அந்த வேலைக்கு அது தடையாக இருக்கவில்லை.

மன்னாரிலிருந்து வந்து நாலு மாதமான பிள்ளை ஒருத்தி இருந்தாள். பதின்மூன்று வயது. தலைக்கு நிறைய எண்ணெய் வைத்துப் பின்னியிருப்பாள். சாப்பாட்டோடு வந்து ஒரு மேசையில் இருப்பாள். அந்த மேசையில் இருக்கும் நாலு தமிழ்ப் பெண்பிள்ளைகளும் உடனே எழும்புவார்கள். நாலு பேரும் இங்கே பிறந்தவர்கள், தங்களுக்குள் பிரெஞ்சுதான் கதைப்பார்கள். இவளுக்கு விளங்க வேண்டியதை மட்டும் தமிழில் சொல்வார்கள்.

"எழும்புங்கோடி, எண்ணெய்ப் போத்தல் வருது."

"கிட்ட இருந்தா எங்களுக்கும் ஒட்டும்."

என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளைகள் பகிடி விடுகிறார்கள் என்று அவர்களும் சிரித்தார்கள்.

அந்த நாலு பேரில் முன்னுக்கு நின்று சொல்பவளின் தாயை எனக்குக் கோயிலில் பழக்கம். எங்கள் ஆட்களின் விஷயம், பள்ளிக்கூடத்துக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிறு பூசை முடிய இரண்டு தாய்மாரையும் பிள்ளைகளோடு வாசலுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு பேரும் கையைக் குடுங்கோ. இனி இந்தச் சோலி வேண்டாம்."

கொடுத்தார்கள். முன்னுக்கு நின்றவளுக்குத் தாய் சனத்துக்கு முன்னால் ஒரு குட்டுப் போட்டாள். மன்னார்ப் பிள்ளையின் தாய், "குழந்தைப் பிள்ளையள்தானே அக்கா, விடுங்கோ" என்றாள். விஷயம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனேன்.

திங்கள் மதியம் கேட்டது இது:

"அன்ரியிட்டச் சொல்லிக் குடுத்தனி, என்ன? சனம் முழுக்கப் பாக்க எனக்குக் குட்டு. இனிப் பார்."

மன்னார்ப் பிள்ளை என்னிடம் ஒன்றுமே சொன்னதில்லை. நானாகக் காதால் கேட்டதுதான்.

புதன்கிழமை அவள் சாப்பாட்டு மண்டபத்துக்கு வரவில்லை. கழிவறைக்குள் பூட்டிக்கொண்டு சாப்பிட்டாள். கதவுக்குக் கீழே சப்பாத்துத் தெரிந்தது.

"வெளியில வாங்கோ பிள்ளை."

"வேண்டாம் அன்ரி. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. அடுத்த கிழமையிலயிருந்து நான் பள்ளிக்கூடம் வரமாட்டன். அம்மாட்டயும் சொல்லிப்போட்டன்."

அன்றே, பிள்ளைகளின் பிரச்சினைகளைப் பார்க்கும் ஆலோசகரிடம் போனேன். கெபெக்காரப் பெண். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் எல்லாம் சொன்னேன். கைகொடுக்க வைத்ததையும் மறைக்கவில்லை.

அவர் ஏசவில்லை. "இது சண்டை இல்லை, மதாம்" என்றார். "சண்டையென்றால் சமாதானம் செய்யலாம். இங்கே ஒருத்தி செய்கிறாள், மற்றவள் வாங்குகிறாள். இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் வாங்குகிறவள்தான் பிறகு அதற்கும் சேர்த்து வாங்குவாள்."

கேட்ட சொல்லைக் கேட்டபடியே எழுதித் தரச் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு எழுத வராது. கொப்பியில் தமிழில் எழுதினேன்: என்ன நாள், யார் சொன்னது, யார் பார்த்துக்கொண்டு நின்றது. வாசித்துச் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். மன்னார்ப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். பிறகு நாலு பேரையும் ஒருத்தி ஒருத்தியாக, ஒருத்தி மற்றவளைக் காண முடியாமல் கூப்பிட்டார். மன்னார்ப் பிள்ளை சொன்னது என்று இல்லாமல், பெரியவர் ஒருவர் காதால் கேட்டது என்றே அவர்களிடம் சொன்னார். முன்னுக்கு நின்றவள் பகிடி என்றாள். என்னை உள்ளே வரச்சொல்லி, கொப்பியில் உள்ளதை அவளுக்கு முன்னாலேயே பிரெஞ்சில் சொல்ல வைத்தார்.

அவள் தமிழில் கேட்டாள்: "அன்ரி, எல்லாம் உங்களுக்குக் கேட்டதோ?"

"ஓம். முழுக்க."

அதற்குப் பிறகு அவள் பகிடி என்று சொல்லவில்லை. சில கிழமைகளுக்கு அவளுக்குச் சாப்பாடு வேறு அறையில், ஆலோசகரின் கண்ணுக்கு முன்னால். அவளின் தாய் கோயிலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். எங்கட பிள்ளையை வெள்ளையளிட்டப் பிடிச்சுக் குடுத்தவள் என்று சொல்லித் திரிந்தாளாம்.

மன்னார்ப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விடவில்லை. இரண்டு கிழமை கழித்து மண்டபத்துக்கு வந்து, ஹெய்ட்டிப் பிள்ளைகள் இருந்த மேசையில் ஓரமாக இருந்தாள். ஒருவரும் எழும்பவில்லை. வருடம் முடியும்வரை என்னோடு அவள் கதைக்கவில்லை. நானும் கிட்டப் போகவில்லை. தினமும் சாப்பிட்டு முடிக்கிறாளா என்று மட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன்.