சுவரைப் பார்த்த வில்லை

என் தம்பி ஆயுதப் படைக் காவலர். படையில் அவனைக் கல்லு என்றுதான் கூப்பிடுவார்கள். பாரா நிற்கும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை அசைக்கமாட்டான் என்பதால் வந்த பெயர். எங்கள் குடும்பத்தில் சீருடை போட்ட முதல் ஆள் அவன்தான். அந்தச் சீருடையைத் தைத்தது நான். காவலர் குடியிருப்புக்கு எதிரே என் தையல் கடை இருக்கிறது.

துப்பாக்கி தூக்குகிறவர்களின் சட்டை வலது தோளில்தான் முதலில் நைந்துபோகும். வார் உரசுகிற இடம் அது. மற்றவர்கள் நூல் தெரிய ஆரம்பித்த பிறகு ஒட்டுப் போடக் கொண்டுவருவார்கள். தம்பி சட்டைக்கு மட்டும் தைக்கும்போதே தோளுக்கு உள்பக்கம் இன்னொரு துணி வைத்துவிடுவேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அவர்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று கொடுத்திருப்பார்கள். காலையில் ஆயுத அறை ஜன்னலில் வில்லையைக் கொடுத்துத் துப்பாக்கி வாங்க வேண்டும். துப்பாக்கி இருந்த இடத்தில் அந்த வில்லை தொங்கும். திரும்பக் கொடுக்கும்போது ஜோடிக்காரன் கூட இருக்க வேண்டும். ஒருவன் துப்பாக்கியை மணல் பெட்டியைப் பார்த்துப் பிடித்து, குண்டு போடுகிற இடத்தைத் திறந்து காட்டுவான். மற்றவன் உள்ளே விரலை விட்டுப் பார்த்து, காலி என்று சத்தமாகச் சொல்வான். தம்பியின் ஜோடி நெட்டை. பயிற்சிக் காலத்திலிருந்து இருவரும் ஒன்றாக இருந்தவர்கள். தம்பி பேசாததையும் சேர்த்து நெட்டை பேசுவான். அளவெடுக்க வந்தால், "அக்கா, துணி பத்தலன்னா சொல்லுங்க, முட்டி வரைக்கும் தச்சா போதும்" என்பான்.

தம்பிக்கு உடம்பு சரியில்லாமல் போனது எப்போது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு விசாரித்த எல்லோரும் ஒரு காரணம் கேட்டார்கள். கலவரமா, கடனா, வீட்டில் சண்டையா என்று. அப்படி ஒன்றும் இல்லை. தூக்கம் குறைந்தது. இடுப்பு இளைத்தது. கால்சட்டையை இரண்டு முறை பிடித்துக் கொடுத்தேன். துப்பாக்கி திரும்பக் கொடுக்கும்போது நெட்டை காலி என்று சொன்ன பிறகும், "இன்னொரு தரம் பாருடா" என்று தம்பி கேட்க ஆரம்பித்தான். நெட்டையும் சலிக்காமல் பார்ப்பான். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தால், கல்லுவுக்குக் காது மந்தம் என்று சொல்லிச் சமாளிப்பான்.

ஒரு நாள் காலை வரிசையில் தம்பியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் ஜன்னல் வரைக்கும் போனான். வில்லையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்த பெரியவர் கையை நீட்டியபடி காத்திருந்தார்.

"எனக்கு இன்னைக்கு வேணாம்ணே. கையில இருந்தா என்னையே ஏதாவது பண்ணிக்குவேன்னு தோணுது."

அவன் மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. முதலில் யாரோ சிரித்தார்களாம். விளையாடுகிறான் என்று நினைத்திருக்கிறார்கள். நெட்டைதான் சிரிக்காமல் அவன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தான்.

அன்றைக்கே அவனை உடைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பூட்சும் போர்வையும் எடுத்துக் கொடுக்கிற வேலை. அவனுடைய வில்லையை வாங்கி ஆயுத அறையிலேயே வைத்துக்கொண்டார்கள். உடம்பு முடியாதவர்களின் வில்லையை எண் தெரியாதபடி சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டுவது அங்கே பழக்கம். கால் முறிந்தவனுக்கும் அப்படித்தான், மஞ்சள் காமாலை வந்தவனுக்கும் அப்படித்தான். ஆனால் அவர்களுடையது மாதக் கணக்கில் திரும்பி இருக்காது. தினமும் காலையில் துப்பாக்கி வாங்க நிற்கிற ஒவ்வொருவனும் தம்பியின் வில்லையின் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

தம்பி மருத்துவரிடம் போனான். மாத்திரையைத் தவறவிடாமல் சாப்பிட்டான். கிடங்கில் குப்பையாகக் கிடந்த பூட்சுகளை அளவுவாரியாக அடுக்கி, கயிற்றால் ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்தான். வேலை என்று எதைக் கொடுத்தாலும் அவன் அப்படித்தான். ஆனால் கல்லு கரைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். குழாயடியில் அவன் மனைவி போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அவள் குடத்தை நிரப்பிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிடுவாள். அவனுக்கு இருந்த ஆசை ஒன்றுதான். வில்லை மறுபடி முகம் காட்ட வேண்டும், நெட்டையோடு பழையபடி பாராவுக்குப் போக வேண்டும்.

நன்றாகத் தேறிவந்த சமயத்தில் நெட்டை கிடங்குக்குப் போயிருக்கிறான். பூட்ஸ் வேண்டும் என்றானாம். காலில் இருந்தது புதுசு. கொஞ்ச நேரம் வழக்கம்போல் கேலி பேசிவிட்டு, உனக்கு எப்படித் தோன்றியது என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டிருக்கிறான். தம்பி ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். நெட்டை தலையைக் குனிந்தபடி ஒரு பூட்ஸின் கயிற்றைக் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் அதேதாண்டா."

"அப்ப சொல்லிடு. நான் கூட வரேன்."

"சொல்லிட்டு? உன் பக்கத்துல உக்காந்து போர்வை மடிக்கவா? எனக்கு ரெண்டு பொண்ணுடா. குழாயடியில உன் பொண்டாட்டி படுறத என் பொண்டாட்டி தெனமும் வந்து சொல்றா."

யாரிடமும் சொல்லக் கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தம்பி நேராக என் கடைக்கு வந்தான். சொல்லலாமாக்கா, வேண்டாமா என்று கேட்டான். எனக்கும் அவனுக்கும் பதில் ஒன்றாகவே இருந்தது. இன்ஸ்பெக்டர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, நெட்டையைப் பற்றிச் சொன்னான். தயவுசெய்து தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றும் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அங்கே எதையும் வரிசையில் வைத்துத்தான் கேட்பார்கள். லீவு கேட்டாலும் அப்படித்தான், பூட்ஸ் கிழிந்தாலும் அப்படித்தான். ஒளித்துக் கேட்டால்தான் ஆளைப் பற்றி வதந்தி கிளம்பும் என்பது அவர் எண்ணம். மறுநாள் காலை எல்லோரும் நிற்கும்போது நெட்டையை முன்னால் கூப்பிட்டு, மனசுக்கு ஏதாவது சரியில்லையா என்று அன்பாகவே கேட்டார்.

நெட்டை நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "எனக்கு ஒண்ணுமில்லைங்கய்யா. கல்லுவுக்குத் துணைக்கு ஆள் வேணும் போல, அதான் என் பேரைச் சொல்லியிருக்கான்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நெட்டை வில்லையைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு தம்பியோடு அவன் பேசவே இல்லை. எதிரே வந்தால் அந்தப் பக்கம் போய்விடுவான். தம்பி அவன் வீட்டு வாசலில் போய் நின்றுகூடப் பார்த்தான்.

அடுத்த மாதம் ஒரு பிற்பகல், கருவூல வாசலில் பாரா நின்றுகொண்டிருந்த இடத்திலேயே நெட்டை தன் உயிரை முடித்துக்கொண்டான்.

குடும்பப் பிரச்சினை என்று சொல்லிவிட்டார்கள். அவன் தைக்கக் கொடுத்திருந்த சட்டை என் கடையில் பொத்தான் வைத்துத் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. சில வாரம் கழித்து அவன் மனைவி அதை வாங்க வந்தாள். சட்டையை மடியில் வைத்துக் காலரைத் தடவிக்கொண்டே இருந்தாள். "குடும்பப் பிரச்சினையாம்க்கா. எங்க வீட்டுல என்ன பிரச்சினைன்னு எனக்காவது யாராவது சொல்லுங்களேன்" என்றாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

அதே சமயத்தில் தம்பிக்கு மருத்துவக் குழுவின் முன் போக அழைப்பு வந்தது. தேறிவிட்டான் என்று அவனுடைய மருத்துவர் சொல்லியிருந்தார். முந்தின நாள் இன்ஸ்பெக்டரே கிடங்குக்கு வந்து அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மனசு என்ற பேச்சே எடுக்க வேண்டாம், இரத்த அழுத்தம் இருந்தது, இப்போது இல்லை என்று சொல், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், அடுத்த வாரமே துப்பாக்கி கைக்கு வந்துவிடும் என்றார். அவன் நல்லதுக்குத்தான் சொன்னார். நெட்டைக்கு இப்படி ஆன பிறகு வேறு மாதிரி சொன்னால் எந்த அதிகாரியும் பொறுப்பெடுக்கமாட்டார் என்பதும் உண்மைதான்.

அன்று மாலை தம்பி என் கடையில் வந்து உட்கார்ந்தான். நான் அவனுக்குப் புதுச் சட்டை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"பிரஷர்னு சொன்னா வில்லை திரும்பிடும்க்கா."

"சொல்லப் போறியா?"

"அவன்கிட்ட, சொல்லிடு, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன். இப்ப நானே மாத்திச் சொன்னா, அவன் பயந்தது சரின்னு ஆயிடும்ல."

மறுநாள் குழுவின் முன்னால், தனக்கு வந்தது மனநோய் என்றும், மருந்து சாப்பிட்டுத் தேறியதாகவும், நெட்டைக்கும் அதே நோய்தான் இருந்தது என்றும் சொன்னான். அவர்கள் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. போகலாம் என்றார்கள். துப்பாக்கி இல்லாத பணி, மறு உத்தரவு வரும் வரை என்று பதில் வந்தது. மறு உத்தரவு இன்னும் வரவில்லை. நெட்டையின் வில்லையைக் கழற்றிவிட்டார்கள். தம்பியுடையது சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.

அவன் கிடங்கில்தான் இருக்கிறான். இப்போதெல்லாம் அவன் சட்டை தோளில் நைவதில்லை. போர்வைக் கட்டு தூக்கித் தூக்கி முன்பக்கம்தான் வெளுத்துப்போகிறது. போன தடவை சட்டையைப் போட்டுப் பார்க்கும்போது, தோளுக்கு அடியில் இருந்த இரண்டாவது துணியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது இன்னும் எதுக்குக்கா?"

"இருக்கட்டும்டா" என்றேன்.

அவன் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.