ஈரக்குடைக்காரி

ஒரு வகுப்புக்கும் போகாமல் ஜப்பானிய மொழியை வசப்படுத்தியவள். வக்கீல் அனுப்பிய மிரட்டலை வியாபாரப் பேச்சாக மாற்றியவள். தன்னைத் திருடி என்று சொன்ன பதிப்பகத்தாரை எதிரே உட்காரவைத்துத் தேநீர் குடிக்கவைத்தவள். தைவானின் கீலுங் ஊர் மழையில் காகிதம் சொதசொதத்துப் போகாமல் காப்பதே பெரும்பாடு. அங்கே ஒரு பதிப்பகம் நடத்துகிறவள். இத்தனையும் செய்த கோ பெய்ஜென், நாக்கு நுனியைக் கடைவாயில் அழுத்திக்கொண்டு, கடலைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடல் அவள் கணினித் திரையில் இருக்கிறது. ஜப்பானியக் காமிக்ஸ் ஒன்றின் பக்கம். படகின் மேல் அலை மோதும் ஓசையை ஓவியர் தூரிகையால் பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சீன எழுத்தை வைக்க வேண்டும். எழுத்தை எடுத்தால் கடலில் ஓட்டை விழும். ஓவியரின் கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், எங்கே வேகம் எடுத்திருக்கும் என்று பார்த்துப் பார்த்து, அந்த ஓட்டையைக் கோடு கோடாக அலையால் அடைக்க வேண்டும். இதுதான் பெய்ஜென்னின் தொழில்.

"எழுத்துக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு வரைஞ்சவங்களுக்கே தெரியாதுக்கா. எனக்குத்தான் தெரியும்" என்பாள், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

அவள் அக்கா ஷூஹுவாவுக்கு இது புரியும். கோயில் சந்தைக்குப் பின்னால், பதிப்பகம் இருக்கும் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், அவள் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். காற்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, கிழிந்த மழைக்கோட்டை ஒட்டுவது, பெருத்துப்போன மாப்பிள்ளையின் கோட்டைப் பிரித்துத் தைப்பது எல்லாம் அங்கே நடக்கும். பிரித்த இடம் தெரிந்தால் அது வேலையே இல்லை என்பது ஷூஹுவாவின் கட்சி. தங்கையின் அலைகளில் பிரித்த இடம் எங்கே என்று மூக்கு திரையில் இடிக்கும்படி தேடியிருக்கிறாள். கிடைத்ததில்லை. வாடிக்கையாளர்கள் வந்தால் காற்சட்டையை அளந்துகொண்டே, "மேல என் தங்கச்சி பதிப்பகம் வெச்சிருக்கா" என்று அவர்கள் கேட்காமலே சொல்வாள்.

பெய்ஜென்னிடம் கோணல்கள் நிறைய உண்டு. மீன் உருண்டை சூப்பைக் கணினியில் வரையும் வரைகோலால் கலக்கியிருக்கிறாள், இரண்டு முறை. உறிஞ்சுகுழலைக் கடித்துக் கடித்துத் தட்டையாக்காமல் ஒரு சோயாப்பால்கூடக் குடித்து முடித்ததில்லை. மழை ஓயாத ஊரில் பிறந்து வளர்ந்தும், சொந்தமாக வாங்கிய குடை ஒரு மாதம் அவளிடம் தங்கியது கிடையாது. கடை வாசலில் இருக்கும் வாளியில் குடையைப் போட்டுவிட்டு உள்ளே போவாள். திரும்பி வந்தால் அது போயிருக்கும். "எவனோ என்னுதை எடுத்துட்டான், நான் எவனோடதையோ எடுத்துட்டேன். ஊர்ல இருக்கிற குடையோட மொத்தக் கணக்கு சரியாத்தானே இருக்கு?" என்பது அவள் நியாயம்.

பதிப்பகத்துக்கு முன்னால் அவள் நடத்திய இணையதளத்துக்கு 'ஈரக்குடை' என்று பெயர் வந்தது அப்படித்தான். நகல் எடுக்கும் கடையில் வேலை பார்த்த நாட்களில் நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்கினாள். ஜப்பானிலிருந்து வரும் பத்திரிகையை ஒருவர் பக்கம் பக்கமாக நகலெடுப்பார். பாகற்காய் என்ற புனைபெயரில் லோ யாவ்தே மொழிபெயர்ப்பான். பெய்ஜென் துடைத்து வரைவாள். வாரா வாரம் இணையத்தில் இலவசமாக ஏற்றுவார்கள். வரைந்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குத் திருட்டு என்று பெயர். ஷூஹுவாவுக்கும் தெரியும், பெய்ஜென்னுக்கும் தெரியும். அதனால் அவள் பெயர் எங்கும் இருக்காது. 'குடை' என்ற ஒற்றைச் சொல்தான். தளத்தில் தினம் வந்து படித்தவர்களுக்குக் குடை என்பவர் ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

வேடிக்கை என்னவென்றால், அவர்களிடமிருந்தும் திருடினார்கள். வேறு தளங்கள் ஈரக்குடையின் பக்கங்களை அப்படியே சுருட்டித் தங்கள் முத்திரையை ஒட்டிப் போட்டன. யாவ்தே கொதித்துப்போனான்.

"நாம திருடினதை இவனுங்க திருடுறானுங்க! கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?"

"யார்கிட்டப் போய்ச் சொல்லுவ? போலீஸ்கிட்டயா?" என்று சிரித்தாள் பெய்ஜென்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வந்தது. தான் மறுபடி வரையும் பக்கங்களில் எங்காவது, கயிற்றின் முடிச்சிலோ அலையின் நுரையிலோ, தலைகீழாக ஒரு குட்டிக் குடையை ஒளித்து வைப்பாள். அரிசிமணி அளவுதான் இருக்கும். திருடிய தளத்தின் பக்கத்தைப் பெரிதாக்கிக் குடையைக் காட்டினால் எதிராளி வாயை மூடிக்கொள்வான். ஆண்டுக்கணக்கில் வைத்ததில், கடைசியில் கையே அதை வைத்தது, கண் பார்க்கவேயில்லை.

அவர்கள் போட்டதில் அவளுக்கு உயிரான கதை ஒன்று உண்டு: ஓகிஹாரா தொமியே என்ற அம்மாள் வரையும் 'மூன்றாம் படகுத்துறை'. ஒரு சிறு துறைமுகம், வாய்க்கொழுப்புப் பிடித்த ஒரு படகோட்டி, அவரோடு மல்லுக்கட்டும் சமையல்காரி. பெய்ஜென் ஜப்பானிய மொழி பேசக் கற்றது பெரும்பாலும் அந்தப் படகோட்டியிடம்தான். ஒருநாள் அந்தக் கதையின் பதிப்பகத்தின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது: எல்லாவற்றையும் உடனே எடு, இல்லையேல் வழக்கு.

மற்றத் தளங்கள் இப்படிப்பட்ட கடிதம் வந்தால் வேறு பெயரில் வேறு முகவரிக்குக் குடிபெயரும். பெய்ஜென் எல்லாப் பக்கங்களையும் அன்றே எடுத்துவிட்டு, பதில் எழுதினாள். எடுத்துவிட்டோம், தப்புத்தான். இத்தனை பேர் இங்கே படித்தார்கள். தைவானில் இந்தக் கதையை எந்தப் பதிப்பகமும் வாங்கவில்லை. உரிமையை எங்களுக்கு விற்பீர்களா?

"உனக்குத் தலை கழண்டு போச்சா? போன திருடன் திரும்பி வந்து வீட்டை வாடகைக்குக் கேக்குற மாதிரி இருக்கு" என்றாள் ஷூஹுவா.

"வாடகை குடுத்தா அவன் குடித்தனக்காரன்க்கா."

பதில் வர வெகுகாலம் ஆயிற்று. பிறகு பதிப்பகத்தின் நருசே என்ற பெரியவர் தைபே புத்தகக் கண்காட்சிக்கு வந்தபோது பார்க்கச் சம்மதித்தார். ஷூஹுவா இரண்டு நாள் உட்கார்ந்து தங்கைக்கு ஒரு மேல்சட்டை தைத்து, அதைப் போடவைத்துத் தானும் கூடப் போனாள். சாம்பல் நிறக் கோட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் நருசே. பெய்ஜென் குனிந்து வணங்கி, தனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் வாயைத் திறந்தாள்.

"என்னய்யா, கடல் எப்படி இருந்துச்சு? உக்காரு, உக்காரு!"

நருசே தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். படகோட்டி வாயிலிருந்து வந்தால் அழகாக இருக்கும் பேச்சு, சின்னப் பெண்ணிடமிருந்து வந்தது. ஒரு நொடி முறைத்தவர், அப்புறம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் ஒப்பந்தம் கருக்கொண்டது என்பது ஷூஹுவாவின் துணிபு. மேல்சட்டைக்கும் பங்கு உண்டு என்பதை அவள் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

ஒப்பந்தத்தில் பெய்ஜென் கையெழுத்துப் போடவில்லை. நிறுவன முத்திரையைச் செந்நிற மையில் தோய்த்துக் குத்தினாள், அந்த ஊரில் எல்லாரும் வங்கியில் குத்துவதுபோல. ஐந்து பேரும் பார்த்த வேலையை விட்டார்கள். 'ஈரக்குடை' பதிப்பகம் ஆயிற்று. முதல் புத்தகம் 'மூன்றாம் படகுத்துறை', முதல் பாகம். ஒவ்வொரு பக்கமும் தோக்கியோவுக்குப் போய், ஓவியர் பார்த்துச் சம்மதித்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒரு கோடு மாறினாலும் உரிமை ரத்து. பக்கங்கள் போயின, சம்மதம் வந்தது. அச்சகத்தில் தாளும் இறங்கியது.

அச்சுப் பார்வைப்படிகள் மேசையில் பரப்பிக் கிடந்த மத்தியானம், யாவ்தே பன்றி இறைச்சி பன்னைக் கடித்தபடி விளையாட்டாகக் கேட்டான்.

"என்ன குடை, இதுல எங்க ஒளிச்சு வெச்ச?"

"போடா. இது நம்மளுது, இதுல எதுக்கு வெக்கணும்?"

சொல்லிவிட்டு அவளே குனிந்து பார்த்தாள். படகுக்கயிற்றின் முடிச்சில் இருந்தது, தலைகீழாக, அரிசிமணி அளவில். அடுத்த பக்கத்து நுரையில் ஒன்று. சமையலறைப் புகையில் ஒன்று. பக்கம் புரட்டப் புரட்ட வந்துகொண்டே இருந்தன. பெய்ஜென் கடித்துக்கொண்டிருந்த உறிஞ்சுகுழலை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தாள். காசு கொடுத்து வாங்கிய வீட்டிலும் அவள் கை பழைய வழியிலேயே நுழைந்திருந்தது.

"யாருக்கும் தெரியாது" என்றான் யாவ்தே உடனே. "தோக்கியோலயே பாத்துட்டுச் சரின்னுட்டாங்க. நமக்கே பூதக்கண்ணாடி வேணும். அச்சாகட்டும், அடுத்த பாகத்துல ஜாக்கிரதையா இரு."

"எனக்குத் தெரியுமே."

"சொன்னா உரிமையைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க. நாங்க நாலு பேரும் வேலையை விட்டுட்டு வந்திருக்கோம், பெய்ஜென்."

அப்போது சத்தம் கேட்டு ஷூஹுவா, மணிக்கட்டில் கட்டிய ஊசி குத்தும் பஞ்சணையோடு மேலே வந்திருந்தாள். யாவ்தே அவளைத் துணைக்கு அழைத்தான்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. யாராவது தன் கழுத்தைத் தானே நீட்டுவாங்களா?"

ஷூஹுவா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

"என்னைக் கேக்காதப்பா. இவ தையல் சரியில்லைன்னா முழுசாப் பிரிக்கிற ரகம்."

பெய்ஜென் முதலில் அச்சகத்துக்குப் பேசி வேலையை நிறுத்தினாள். பிறகு தோக்கியோவுக்குப் பேசினாள். அவளிடம் இருந்தது படகோட்டி மொழிதான், மன்னிப்புக்கும் அதுவே.

"நருசேய்யா, என் கை கட்டுல நிக்கலை. உங்க கடல்ல என் பழைய குறியைப் போட்டு வெச்சிருக்கேன். நீங்களும் பாக்கலை, நானும் பாக்கலை. இப்பப் பாத்துட்டேன்."

நருசே, ஓகிஹாரா அம்மாளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

யாவ்தே இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. பெய்ஜென் அதற்காகவும் நிற்கவில்லை, தோக்கியோவின் பதிலுக்காகவும் நிற்கவில்லை. நாக்கைக் கடைவாயில் அழுத்திக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக எடுத்துக் குடையைத் துடைத்தாள், அங்கே கயிறு போட்டாள், நுரை போட்டாள். "வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?" என்று ஷூஹுவா கேட்டதற்கு, "சொன்னாலும் கடல் சுத்தமா இருக்கும்ல" என்றாள். மூன்றாம் நாள் யாவ்தே ஒரு கிண்ணம் மீன் உருண்டை சூப்பை அவள் மேசையில் வைத்து, கூடவே ஒரு கரண்டியையும் வைத்தான். "வரைகோலை அதுல விடாதே" என்றான். அதோடு சமாதானம்.

நருசே கூப்பிட்டபோது ஐந்து பேரும், ஷூஹுவாவும், தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள்.

"ஓகிஹாரா அம்மாவுக்கு உங்க குடையை ரொம்ப நாளாத் தெரியுமாம். நீங்க திருடிப் போட்ட காலத்துல கோபத்தோட வந்து பாத்திருக்காங்க. இந்த அலையை எவன் இப்படி வரையறான்னு தேடித் தேடிப் பாத்ததுல குடை கண்ணுல பட்டிருக்கு. இந்தத் தடவையும் பாத்தாங்களாம். நீங்களாச் சொல்றீங்களான்னு பேசாம இருந்தாங்களாம்."

யாவ்தே தொலைபேசியின் ஒலியைக் கூட்டினான். நருசே தொடர்ந்தார்.

"குடை ஒண்ணுகூட இருக்கக் கூடாதுங்கிறாங்க. பேரு இல்லாதவங்கதான் குறி வெப்பாங்களாம். மறுபடி வரைஞ்ச பக்கங்களை அனுப்புங்க. அதை மறுபடி வரைஞ்சவங்க பேரும் புத்தகத்துல வரணும். முத்திரை இல்லை, குழுப் பேரு இல்லை. அவங்க கையெழுத்து. அது வந்தா அச்சடிக்கலாம்."

"கயித்தை அவுத்து விடுய்யா!" என்று கத்தினாள் பெய்ஜென். படகோட்டி சம்மதம் சொல்வது அப்படித்தான்.

பக்கங்கள் எல்லாம் தயாராகவே இருந்தன. மிச்சம் இருந்தது ஒரு வெள்ளைத்தாள்தான். பழக்கத்தில் பெய்ஜென்னின் கை இழுப்பறைக்குப் போய் முத்திரையை எடுத்தது; மூடியைத் திறந்தது, வாயும் மை ஒட்ட அதை ஊதிவிட்டது. பிறகு அவளே பார்த்துச் சிரித்து அதை உள்ளே வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தாள். துணியில் மடிப்புக்கோடு போட அக்கா வைத்திருக்கும் பலகையை வாங்கித் தாளுக்கு அடியில் வைத்தாள். தூரிகைப் பேனாவை மையில் தொட்டு, மற்றவர் கடலில் ஆண்டுக்கணக்காக அலை வரைந்த அந்தக் கையால், கோ என்று எழுதினாள், பெய் என்று எழுதினாள், ஜென் என்று எழுதினாள். கடைசி இழுப்பு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஷூஹுவாவின் கண்ணில் அது பட்டது, பிரிக்கச் சொல்லவில்லை. பெய்ஜென் மை காயும்வரை பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, பெயருக்குக் கீழே தேதியைப் போட்டாள்: 2023 ஏப்ரல் 18.