துட்டி வீட்டுக் கேரல்

போன வாரம் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எங்கள் சபையின் வாலிபர் சங்கத்துப் பையன் அனுப்பியிருந்தான். "ஆன்ட்டி, அங்கிள் தவறின வருஷம்ங்கிறதால இந்தத் தடவை கிறிஸ்துமஸ் கேரல் உங்க வீட்டுக்கு வராது. தப்பா நினைச்சுக்காதீங்க." கடைசியில் கும்பிடுகிற இரண்டு கைகளின் படம்.

வந்த ஆத்திரத்தில் அடுப்பிலிருந்த பாலைப் பொங்க விட்டுவிட்டேன். எழுபதைத் தாண்டியவளுக்கு இவ்வளவு கோபம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவர் வீட்டுக்குக் கேரல் போகும். என் கணவர் போனது ஆகஸ்டில். நாலு மாதமாக இந்த வீட்டில் டிவி பேசுவதைத் தவிர வேறு பேச்சுச் சத்தம் கிடையாது. நாலு பிள்ளைகள் வாசலில் வந்து நின்று பாடினால் எனக்கு ஆகாது என்று யார் முடிவு செய்தது? என்னிடம் கேட்டார்களா?

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் கருகல் வாடை வேறொரு வாடையைக் கொண்டுவந்தது. மைதா மாவைக் கரைத்து, ஒரு துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் பசை. கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் என்றைக்கு ஒழுங்காகக் கிண்டியிருக்கிறேன்? அடிப்பிடித்த அந்தப் பசையில்தான் எமிலி அக்கா வீட்டு நட்சத்திரம் ஒட்டப்பட்டது.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஒன்றில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. சாத்தான்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது என்று அப்பா என்னை மில்லர்புரத்தில் எமிலி அக்கா வீட்டில் தங்கவைத்தார். தூரத்துச் சொந்தம். அக்கா மாப்பிள்ளையூரணிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். அவள் வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். இரண்டு பெண் பிள்ளைகள். ஷீலாவுக்கு ஏழு வயது, பியூலாவுக்கு நாலு.

டிசம்பர் வந்துவிட்டால் அந்த ஊருக்கே ஒரு வாசம் வந்துவிடும். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்து பேக்கரி அடுப்பில் மக்ரூனாக வேகிற வாசம். அதை மீறி உப்புக் காற்றும் மீன் வாடையும் மூக்குக்கு எட்டாது. ஆபீஸ் விட்டு வரும்போது பிள்ளைகளுக்கென்று ஒரு பொட்டலம் வாங்குவேன். பஸ் மில்லர்புரம் சேர்வதற்குள் அதில் பாதிதான் இருக்கும். "கடைக்காரன் இவ்வளவுதான் குடுத்தானாளா?" என்று அக்கா கேட்பாள். நான் கடைக்காரனைத் திட்டுவேன்.

நான் சொல்ல வருகிற வருஷம் ஜூன் மாதத்தில் ஜெபராஜ் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள். அவ்வளவுதான்.

சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கத்தில் துட்டி வீடு என்போம். அந்த வருஷம் துட்டி வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் கிடையாது. நட்சத்திரம் கட்டக் கூடாது, பலகாரம் சுடக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது. பக்கத்து வீடுகளிலிருந்து முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வரும். கொண்டுவருகிறவர்கள் முகத்தைச் சரியான அளவுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். நாமும் அதே அளவுக்குத் தொங்கவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்வீட்டில் நட்சத்திரம் ஏறிய அன்று ஷீலா கேட்டாள்: "எம்மா, நம்ம ஸ்டார எப்பக் கெட்டுவோம்?"

அக்கா நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நாளைக்கு" என்றாள்.

கலர்த்தாள் வாங்க நான்தான் போனேன். தேவதாசன் அண்ணாச்சி கடை. நோட்டு, பேனா, கலர்த்தாள், டிசம்பரில் மெழுகுவர்த்தி. சபையின் கேரல் செயலாளரும் அவர்தான். "யாருக்கும்மா?" என்றார். "எமிலி அக்கா வீட்டுக்கு" என்றேன். சிவப்பில் நாலு, மஞ்சளில் இரண்டு தாளை எடுத்துச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுத் தந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதுதான். விற்கும்போது துட்டி தெரியவில்லை.

மூங்கில் சிம்பை வளைத்துக் கட்ட ஜெபராஜ் அண்ணனுக்கு அரை மணி நேரம் போதும். எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது. ஐந்து முனையும் ஐந்து அளவில் வந்தது. உள்ளே பல்பைப் போட்டதும் பிள்ளைகள் கத்தின கத்தலில் கோணல் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபராஜ் அண்ணனின் கூடப்பிறந்த மூத்தவர் வந்தார். அக்கா அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எந்தம்பி குழிமண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள ஒனக்கு ஸ்டாரு கேக்குதோ?"

"அவுக இருந்தாக் கெட்டியிருப்பாக அத்தான்."

"அவன் இருந்தாக் கெட்டலாம். இப்ப இல்லேல்லா? ஊரு என்ன சொல்லும்? புருசன் போனதுல இவளுக்குச் சந்தோசம்னுதான் சொல்லும்."

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சணலை அறுத்து, நட்சத்திரத்தைத் தரையில் வைத்தார். பியூலா என் சேலைக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அதன்பின் அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். காலடியில் நட்சத்திரம் கிடக்கிறது, மனிதர் காப்பி குடிக்கிறார்! பொங்கி எழுந்து நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? சீனி போதுமா என்று கேட்டேன். போதாது என்றார். கொண்டுவந்து போட்டேன்.

அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா அதே ஸ்டூலில் ஏறினாள். நட்சத்திரம் பழைய இடத்துக்குப் போனது.

கேரல் எங்கள் தெருவுக்கு வந்தது பண்டிகைக்கு நாலு நாள் முன்பு, ஏழு மணி வாக்கில். இரண்டு பெட்ரோமாக்ஸ், ஒரு டிரம், ஆர்மோனியம், முப்பது நாற்பது பேர். அக்கா பிள்ளைகளுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, துவைத்த கவுன் மாட்டி, ஒரு தட்டில் கேக் துண்டுகளை அடுக்கி வாசலில் நின்றாள். எதிர்வீட்டில் இரண்டு பாட்டுப் பாடினார்கள். பிறகு வெளிச்சம் தெருவைக் குறுக்கே கடந்து எங்கள் பக்கம் வந்தது. எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் டிரம் நின்றது. பாட்டு நின்றது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தார்கள். ஜெபராஜ் அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட இவ்வளவு அமைதி இல்லை. அடுத்த வீட்டு வாசலில் டிரம் மறுபடியும் முழங்கியது.

"எம்மா, நம்ம வீடு அவங்களுக்குத் தெரியலியோ?" என்றாள் பியூலா. எங்கள் தலைக்கு மேல் நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா பள்ளிக்கூடம் போகிற வழியில் தேவதாசன் அண்ணாச்சி கடைக்குள் நுழைந்தாள். நானும் பின்னால் போனேன்.

"எங்க வீட்ட எதுக்கு விட்டுட்டுப் போனிய?"

அண்ணாச்சி நோட்டுகளை அடுக்கத் தொடங்கினார். "துட்டி வீடும்மா. நம்ம பழக்கம்."

"இந்தப் பழக்கம் வேதத்துல எந்த அதிகாரத்துல இருக்கு அண்ணாச்சி?"

"எல்லாம் எழுதியா வச்சிருக்கும்? ஒன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான..."

"எம் மனசு கஷ்டப்பட்டது நேத்தைக்குத்தான். போன வருசம் ஒங்க மச்சினர் வீட்டுல பாடினியளே. அவருக்குப் பொண்டாட்டி செத்து அப்ப அஞ்சு மாசம். புதுப் பொண்டாட்டி கையால கேக்கு வாங்கித் தின்னிய. நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அது ஆம்பள வீடு" என்றார் அண்ணாச்சி.

நாலு வார்த்தைகூட இல்லை, பாருங்கள். ஐம்பது வருஷமாகிறது. இந்த மூன்று வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

அக்கா கையிலிருந்த பையை அவர் மேசைமேல் வைத்தாள். அப்புறம், "எங்க வீடு போக இன்னும் எத்தன வீட்ட விட்டிய?" என்று கேட்டாள். "நாலு" என்றார். யார் யார் என்று கேட்டாள். எதற்குக் கேட்கிறாள் என்று தெரியாமல் அவரும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம், "ஏளா, சேலைய மாத்து. கேரல் போவோம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் குரலைக் கேட்டால் துறைமுகத்தில் கப்பல் கிளம்பப் போகிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர், அவள் பாடுவாள். பிள்ளைகள் பாடும். "நீ டார்ச்சப் பிடி, வாய அசை" என்றாள்.

முதல் வீடு, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகனைப் பறிகொடுத்த வீடு என்று எழுத வந்தேன். அப்போது பன்னிரண்டாவது ஏது, பி.யு.சி.தான். அந்த அம்மாதான் கதவைத் திறந்தாள். அக்கா, "பாடலாமா அம்மா?" என்று கேட்டாள்.

"பாடுததுக்கா வந்திய? எம்புள்ள போட்ட சட்டைய இன்னும் நான் துவைக்கல. போங்க! போயிருங்க!"

கதவை எங்கள் முகத்தில் அடைத்தாள். ஷீலா அழ ஆரம்பித்தாள். நான், "வாக்கா, வீட்டுக்குப் போயிருவோம். அண்ணாச்சி சொன்னது சரிதான் போலுக்கு" என்றேன்.

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "என்னளா சரி? அவங்களுக்கு வேண்டாம். வேண்டாம்னு அவங்க வாயால சொன்னாங்க. நானும் அதத்தான கேக்கேன்? என்ட்ட ஒருத்தராவது கேட்டாங்களா?"

இரண்டாவது வீட்டில் ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் தனியாக இருந்தார். மனைவி இறந்து எட்டு மாதம். இதுவும் ஆம்பள வீடுதான், ஆனால் இவர் அண்ணாச்சிக்கு மச்சினர் இல்லை. வீட்டு முன்னால் பத்துப் பதினைந்து மடக்கு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. முந்தின நாள் வாடகைக்கு எடுத்துப் போட்டிருக்கிறார். கேரல் வராமல் போய்விட்டது. திருப்பிக் கொடுக்க மனசு வராமல் அப்படியே போட்டு வைத்திருக்கிறார். எங்கள் நாலு பேரையும் முன்வரிசையில் உட்காரச் சொன்னார். "ஒக்காந்துக்கிட்டே பாடுங்க, பரவால்ல" என்றார். இரண்டாவது பாட்டில் அவரும் சேர்ந்துகொண்டார். நல்ல கனத்த பாஸ் குரல். பாடி முடித்ததும், "எங்க வீட்டுக்காரி எனக்கு மேல ஆல்டோ கொரல்ல பாடுவா. அதான் கொஞ்சம் வெறுமையாக் கேக்கு" என்றார். அடுத்த பாட்டில் நானும் வாய் திறந்து பாடினேன். நல்ல மனிதர், கப்பல் என்று சொல்லவில்லை.

மூன்றாவது வீடு பூட்டிக் கிடந்தது. நாலாவது வீட்டில் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாளில் இறந்திருந்தது. என் வயதுப் பெண். கதவருகில் நின்று முழுவதையும் கேட்டாள். பியூலாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை எங்களோடு வந்தாள்.

பண்டிகை கழிந்த ஞாயிறு, சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டி அக்காவைக் கூப்பிட்டது. கமிட்டியின் அனுமதி இல்லாமல் பெண்கள் கேரல் போனது எப்படி என்று கேட்டார்கள். குருவானவர் தன்மையான மனிதர். "ஒம் மனசு எனக்குப் புரியுது எமிலி. ஆனா சனங்க ஒருமாதிரி பேசுறாங்கல்லா" என்றார்.

"சனங்கன்னா யாரு ஐயா? நான் சனமில்லியா? அந்தக் கம்பவுண்டர் சனமில்லியா?" என்று கேட்டாள் அக்கா. அவர்கள் தீர்மானப் புத்தகத்தில் 'கண்டிக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள். அத்தான், குடும்ப வயலிலிருந்து வருகிற நெல்லை நிறுத்தினார். அந்த வருஷம் முழுவதும் நாங்கள் ரேஷன் அரிசிதான் சாப்பிட்டோம். அக்கா ஒருநாள்கூட அவர் வீட்டுப் படி ஏறிக் கேட்கவில்லை.

கமிட்டி மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷமும் துட்டி வீடுகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள். நாங்கள் அந்த வீடுகளுக்குப் போனோம். கம்பவுண்டர் ஐயா பாஸ் பாடினார். பிள்ளையை இழந்த அந்தப் பெண் டார்ச் பிடித்தாள். மூன்றாவது வருஷம், எங்கள் முகத்தில் கதவை அடைத்தாளே அந்த அம்மா, அவளும் வரிசையின் கடைசியில் வந்து நின்றாள். பாடவில்லை, கூடவே நடந்தாள். அந்த வருஷம் ஒன்பது பேர். ஒவ்வொரு வீட்டிலும் அக்கா முதலில், "பாடலாமா?" என்று கேட்பாள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுவோம்.

பிறகு அக்காவுக்குத் தென்காசிப் பக்கம் மாற்றல் வந்தது. கம்பவுண்டர் ஐயா காலமாகிவிட்டார். மில்லர்புரத்தில் அந்த வீட்டை இடித்து யாரோ மாடி கட்டிவிட்டார்கள். எமிலி அக்கா இறந்ததே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

அக்காவுக்கு மாற்றல் வந்த கொஞ்ச நாளில் நானும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனேன். அங்கே கேரலில் பெண்களும் போவோம். கைப்பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் போனேன். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் அந்த அக்டோபரில் ஒருவர் இறந்திருந்தார். அந்த வீட்டை நெருங்கும்போது முன்னால் போனவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அவருடைய மனைவி ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அவசரமாகப் படிக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அவளைத் தெரியும், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

"பாடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புது ஊர், புது மனிதர்கள், மாமியார் என்ன சொல்வாளோ என்றிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு மற்றவர்களோடு சேர்ந்து நடந்தேன். அடுத்த வீட்டு வாசலில் எல்லோரும் பாடத் தொடங்கினார்கள். நானும் பாடினேன்.