கலைச்செல்வி ஒட்டிவிட்டுப் போன சீட்டு

கலைச்செல்வி இறந்த செய்தி வந்தபோது, திருவாரூர் விதைநெல் கடைக்காரரிடம் போனில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். "கம்ப்யூட்டர் மாத்தினதுலேர்ந்து லேபிள்ல எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது சார், கலா மேடத்தை அனுப்புங்க" என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்த அடுத்த நிமிடம் கலாவின் கணவர் அழைத்தார். "கலா போயிட்டா சார். காலையில நெஞ்சு வலின்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." முதலில் என் மனதில் எழுந்தது, இனி திருவாரூருக்கு யார் போவது என்ற எரிச்சல்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அவரைத் தெரிந்த உங்களுக்கு எங்கள் சண்டையும் தெரியும். தஞ்சாவூரில் எங்கள் சிறிய நிறுவனத்தில் விதைநெல் கடைகளுக்கான மென்பொருளை எழுதுபவன் நான். ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் அதை நிறுவித் தருபவர் அவர். நான் எழுதுவது பெரிய திரையில். கடைகளில் இருந்தவையோ பழைய சின்னத் திரைகள். 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும். நான் பயன்படுத்திய எழுத்துருவும் (ஃபாண்ட்) அங்கே இருக்காது, எழுத்தெல்லாம் கட்டங்களாகிவிடும்.

"என் கம்ப்யூட்டர்ல சரியாத்தானே வருது?" என்பேன்.

"சமைச்சவங்க வீட்ல மட்டும் ருசியா இருந்தா போதும்னா, பந்தி எதுக்கு சார் போடுறோம்?" என்பார். "ஃபாண்டையும் கூடவே சேர்த்து அனுப்புங்க, சின்ன ஸ்கிரீன்ல ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்று திங்கட்கிழமைதோறும் கேட்பார். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்பேன்.

கேட்டுக் கேட்டு அலுத்து, அவரே ஒரு வழி கண்டார். எழுத்துருவைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடை கடையாக ஏற்றினார். ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் ஒரு சீட்டு ஒட்டினார்: 'டேப் மூன்று முறை, பிறகு என்டர்.' டேப் விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பொத்தானாக நகரும், மூன்றாவது 'சேமி'; என்டர் தட்டினால் கண்ணுக்குத் தெரியாமலே அது அமுங்கிவிடும்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் திருத்தினேன். எழுத்துரு கூடவே போனது, மென்பொருளின் சன்னல் திரைக்கேற்பச் சுருங்கியது, பொத்தான் மேலே வந்தது. அவருக்கு நான் செய்யும் மரியாதை என்று பெருமையாக எல்லாக் கடைகளுக்கும் அனுப்பினேன். அடுத்த நாளே வலங்கைமானிலிருந்து போன். "அடிக்கிறதெல்லாம் அழியுது சார்."

குறுவை நேரம். ஓடினேன். கடை வாசலில் நாற்று விடக் காத்திருந்த விவசாயிகள், உள்ளே லேபிள் இல்லாத விதை மூட்டைகள். எது எந்த ரகம் என்று தெரியாமல் எதையும் தர முடியவில்லை. கவுன்டரில் இருந்த பெண் மேலே பளிச்சென்று இருந்த பொத்தானைப் பார்க்கவே இல்லை. மூன்று டேப், ஒரு என்டர். நான் பொத்தான்களை இடம் மாற்றியதில் மூன்றாவதாக இப்போது இருந்தது 'அழி'.

"பட்டன்தான் கண்ணு முன்னாடியே இருக்கேம்மா!" என்று கத்திவிட்டேன்.

"கலாக்கா சொன்ன மாதிரிதானே சார் செய்யுறேன். அவங்க சொல்லி ஒரு நாளும் தப்பானதில்லையே" என்று சீட்டைத் தொட்டுக் காட்டினாள்.

அதைக் கிழிக்க எனக்குத் துணிவில்லை. அங்கேயே உட்கார்ந்து, மூன்றாவது டேப்பில் 'சேமி' வரும்படி மாற்றினேன். லேபிள்கள் வந்தன, மூட்டைகள் வெளியே போயின.

கலாவின் நினைவாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். எழுத்துருவைச் சேர்த்து, சன்னலைச் சுருக்கி, எல்லாம் முடிக்க எனக்கு ஆனது அரை நாள். பதினோரு வருடம் அவர் என்னிடம் கேட்டது அந்த அரை நாளைத்தான். அது என்னிடமே இருக்கிறது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.