கேம்பில் பார்த்தாகிவிட்டது

அக்டோபர் வந்தால் ரோஸ் நிறத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நெய்யாற்றின்கரையில் நகைக்கடை வாசலில் ரோஸ் பலூன், பேக்கரியில் ரோஸ் கேக், ஜவுளிக்கடை பொம்மைக்கு ரோஸ் சேலை. பெண்களின் மார்பின் மீது எல்லாருக்கும் திடீரென்று என்ன கரிசனம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான், வேறென்ன.

போன வருடம் அந்த நகைக்கடைக்காரர்கள் காரோட்டில் எங்கள் சபை மண்டபத்தில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு கேம்ப் வைத்தார்கள். என் அண்ணன் மனைவி, நான் மைனி என்று கூப்பிடுகிறவள், முதல் ஆளாகக் கிளம்பினாள். இடது மார்பில் பட்டாணி அளவு ஒரு கட்டி அவள் கையில் தட்டுப்பட்டிருந்தது. என்னிடம் மட்டும் சொன்னாள்.

"கேம்ப் வருதுல்லா, அதுல காட்டிக்கிடுவேன். இதுக்குன்னு திருவனந்தபுரம் வரைக்கும் போவணுமாக்கும்?"

எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் பரிசோதனை. கண் கேம்புக்குப் போனால் வரிசையில் உட்கார்த்திப் பார்ப்பார்கள். கோளாறு உள்ளவர்களை மட்டும் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை என்றால் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம். சபையில் காலங்காலமாக நடக்கிற முறை இது.

இந்தக் கேம்பில் நடந்தது எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. ஒரு நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். மேடையில் ஓர் அம்மாள் 'பிங்க் பவர்', 'ஃபைட்டர்' என்று முழங்கினாள். கட்டி என்ற சொல்லோ மார்பு என்ற சொல்லோ அவள் வாயில் வரவில்லை, அசிங்கமாம். பிறகு எல்லாருக்கும் ரோஸ் ரிப்பன் குத்திப் படம் எடுத்தார்கள். கம்மல் வாங்கினால் செய்கூலியில் தள்ளுபடி என்று ஒரு கூப்பன். டாக்டர் என்று ஒருவர் வரவே இல்லை.

மைனி கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

"ரெத்தம் எடுத்துப் பாத்தாவ மக்கா. ஒண்ணும் இல்ல," என்று சிரித்துக்கொண்டே வந்தாள். வேலை முடிந்து வந்திருந்த நானும் ஸ்தோத்திரம் சொன்னேன். அந்தக் கேம்ப் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

தோல் சுருங்கி, கையைத் தூக்க முடியாமல் ஆன பிறகு திருவனந்தபுரம் போனோம். ஏன் இவ்வளவு தாமதம் என்று டாக்டர் கேட்டார். "கேம்பில பாத்தாச்சே டாக்டரே," என்றாள் மைனி. நோய் எலும்புவரை போயிருந்தது. இப்போது தலையில் ஒரு முடி இல்லை, சோறு இறங்கவில்லை.

இந்த வருடமும் வந்தார்கள், வெட்கமில்லாமல். நோயை வென்ற ஒருத்தி மேடையில் சாட்சி சொல்ல வேண்டுமாம். போதகரின் மனைவி என் மைனியைப் பற்றிச் சொன்னார். கடை மேனேஜர் உடனே மலையாளத்துக்குத் தாவினார்.

"அது வேண்டா, அம்மே. அசுகம் மாறியவர் மதி. ஆளுகள் பேடிக்கும்."

குணமானவர்கள் போதுமாம், ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். எலே, பயப்பட வேண்டியதற்கு மனிதர்கள் பயப்படத்தானே வேண்டும்! உனக்குக் கம்மல் விற்க என் மைனி மொட்டைத் தலையோடு இடைஞ்சலா?

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. சாட்சி நேரத்தில் யார் எழுந்தாலும் பேசி முடிக்கும்வரை உட்காரச் சொல்ல மாட்டார்கள். வெளியூரிலிருந்து கூட்டிவந்த, குணமான அம்மாள் பேசி முடித்ததும் நான் எழுந்தேன்.

"என் மைனி போன வருசம் இஞ்சதான் இருந்தா. இவிய எடுத்த ரெத்தம் சர்க்கரைக்காக்கும், கட்டிக்கில்ல. உங்கள்ல ஆரையாவது ஒரு டாக்டர் தொட்டுப் பாத்தாரா? பாக்கல்லேன்னா, கேம்பில பாத்தாச்சுன்னு வீட்டுல போய் இருந்துராதீங்க. அவ அப்பிடி இருந்துதான் இப்ப சாவக் கெடக்கா!"

மேனேஜர் பாட்டைப் போடச் சொல்லிக் கையசைத்தார். போதகரின் மனைவி எழுந்து நின்று அவரைத் தடுத்தார். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பின்னாலேயே ஓர் இளம்பெண் வந்தாள். பொழியூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். இடுப்பில் பால்குடி மாறாத பிள்ளை.

"அக்கா, எனக்கும் ஒண்ணு உண்டு," என்றாள். "போன வருசமே உண்டு."