கேள்வியே தப்பு, சார்

டோபாலஜி நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களே, விடை தப்பு என்று எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கேள்வியே தப்பு என்று துறைத்தலைவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நாற்பது நிரூபணங்கள்

எங்கள் எம்.எஸ்ஸி. கணித உள்தேர்வில் தலைவர் கேட்ட பத்து மார்க் கேள்வி இது: ‘இரண்டு மாறிகள் கொண்ட சார்பு ஒவ்வொரு மாறியிலும் தனித்தனியே தொடர்ச்சியாக இருந்தால், மொத்தமாகவும் தொடர்ச்சியானதே. நிரூபி.’ நாற்பது பேர் கூசாமல் நிரூபித்திருந்தார்கள். ஆமத்தூர் மாரீஸ்வரி மட்டும் ‘இது பொய்’ என்று எழுதி, உதாரணமும் கொடுத்திருந்தாள். அவளுடைய சார்பில் x அச்சு வழியாக மையத்துக்கு வந்தாலும் பூஜ்யம், y அச்சு வழியாக வந்தாலும் பூஜ்யம். மூலைவாட்டில் வந்தால் அரை. அப்புறம் அது எங்கே தொடர்ச்சி?

விடைக்குறிப்பின்படி அவளுக்கு சைபர். அந்தப் பத்து போனால் பாஸ் மார்க் வராது, அரியர்தான். அரியர் விழுந்தால் படிப்பை நிறுத்தி, தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு அனுப்புவதாக வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். “எல்லாரையும் போல நிரூபிச்சுத் தொலைச்சிருக்கலாமேடி” என்றேன்.

“நானும் முக்கா மணி நேரம் நிரூபிச்சுப் பாத்தேன் மிஸ், வரல. ஏன் வரலைன்னு பாத்தப்பதான் பொய்னு தெரிஞ்சுச்சு.”

கோணல் புத்தி

தலைவர் அறைக்குப் போய்ப் பலகையில் போட்டுக் காட்டினேன். x வழியாகச் சரிபார்த்தார். y வழியாகவும் சரிபார்த்தார். முகம் மலர்ந்தது. மூலைவாட்டைக் காட்டினேன், சுருங்கியது.

“ரெண்டு பக்கமும் ஒழுங்காத்தானே வருது, நீங்க ஏம்மா கோணலாப் போயிப் பாக்குறீக?”

நாரணாபுரம் நிரூபணம்

வீட்டில் வந்து பொரிந்து தள்ளினேன். அப்பா நாரணாபுரத்தில் பயர் ஆபீஸ் போர்மேன்; பட்டாசு ஆலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

“அலுமினியப் பொடி காஞ்சு கிடந்தா பயமில்ல, தண்ணி தனியாக் கிடந்தா பயமில்ல, ரெண்டும் சேந்து சூடேறுச்சுன்னா ரூமை விட்டு ஓடணும். இதுக்கு எதுக்கு தாயி எக்ஸு, ஒய்யி?”

தீர்ப்பு

மறுநாள் அதை அப்படியே தலைவரிடம் சொன்னேன். அவருடைய மைத்துனருக்குச் சொந்தமாகவே பயர் ஆபீஸ் உண்டு. மனிதர் விடைத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்து, மாரீஸ்வரியின் சைபருக்கு முன்னால் ஓர் ஒன்று போட்டார். “அப்ப நிரூபிச்ச நாற்பது பேர், சார்?” என்று வம்பை விடாமல் கேட்டேன்.

“அவுகளுக்கும் பத்து அப்படியே இருக்கட்டும்மா, பாவம், என்னைய நம்பி எழுதுனவுக.”

ஒரே தேற்றம் மெய்யாகவும் பொய்யாகவும் இருந்து முழு மார்க் வாங்கிய துறை எங்களுடையது. மாரீஸ்வரிக்கு அரியர் இல்லை என்பதால் இந்த ஒரு முரண்பாட்டோடு மட்டும் நான் சண்டை போடவில்லை.